கொங்கு விசை வரலாறு – 14: கரி பஸ்ஸின் புகை எங்கே போனது?

எங்கள் அப்புச்சி 1943, 44 ஆண்டுகளில் பொள்ளாச்சிப் பக்கம் ஓடிய ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். பஸ்ஸைக் கழுவித் துடைப்பது அவர் வேலையில் கால் பங்குதான். மற்ற முக்கால் பங்கும் கரியோடு மல்லுக்கட்டுவது. ஆறு மணிக்கு முதல் பஸ் கிளம்ப வேண்டுமென்றால் நாலரைக்கே எழுந்துவிடுவாராம். பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை கட்டியிருக்கும். அதன் அடிக்கதவைத் திறந்து முந்தின நாள் சாம்பலை வழித்தெடுக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றி, கோணிப்பையிலிருந்து கரியைக் கொட்ட வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் உடைக்க வேண்டும். தூளாக இருந்தால் சலித்துத் தள்ள வேண்டும். பிறகு எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி அடியில் வைத்துவிட்டு, ஊதுவிசிறியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்குவார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், மழைக்காலமென்றால் அரை மணி நேரம்கூட. குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டும்போது நீலமாகப் பற்றி நின்று எரிந்தால் டிரைவருக்குக் குரல் கொடுப்பார்: “கேஸ் வந்துருச்சுங்!”

சிறுவனாக இருந்தபோது நான் அவரைக் கேட்டேன்: “ஏனுங் அப்புச்சி, பஸ்ஸு கரியிலயா ஓடுச்சு?”

“கரியில ஓடலை கண்ணு. கரியைத் தீயில வாட்டி, அதோட மூச்சைப் புடிச்சு ஓட்டுனோம்.”

நிலக்கரியை வாயுவாக்குவது பற்றி இன்று டில்லியிலிருந்து வரும் அறிவிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது. இந்தத் தொழில்நுட்பத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்ற இதழில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்த கதையைப் பார்த்தோம். 1929இல் வேலை தொடங்கி, 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவி நீர் கம்பி வழியாக இறங்கி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் முளைத்தன. அதனால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது கோவையின் மில்களுக்கு விசைப் பஞ்சம் வரவில்லை. ராணுவத்துக்குத் துணி நெய்ய இரவும் பகலும் ஓடின. பஞ்சம் வந்தது ரோட்டில்தான்.

அன்று இந்தியா தன் பெட்ரோலுக்குப் பெருமளவு பர்மாவை நம்பியிருந்தது. அசாமில் திக்பாயும் பஞ்சாபில் அட்டாக்கும் தந்தது போதவில்லை. 1941இலேயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரலில், பின்வாங்கிய ஆங்கிலேயர்களே யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தகர்த்தார்கள். எதிரிக்கு ஒரு சொட்டும் கிடைக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின் விலையை வங்கக் கடலுக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சியும் தாராபுரமும் கட்டின. வந்த பெட்ரோலில் முதல் பங்கு ராணுவத்துக்கு. சூலூரில் விமானத்தளம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கு போன லாரிகளுக்குப் பெட்ரோல் இருந்தது. 1942 ஆகஸ்டில் சுதந்திரப் போராட்டக்காரர்கள் அந்தத் தளத்துக்குத் தீ வைத்த கதை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே மாதம் அதே ரோட்டில், சந்தைக்குப் போகும் சனங்களை ஏற்றிய பஸ்கள் முதுகில் கரி அடுப்போடு ஊர்ந்துகொண்டிருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கொங்கு நாட்டுக்கு அப்போது பஸ் என்பது இருபது வயது நிரம்பிய பழக்கம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி.நாயுடு தம் முதல் பஸ்ஸை ஓட்டியதை ஒன்பதாம் பகுதியில் எழுதியிருந்தேன். இருபது ஆண்டுகளில் இங்குள்ள வாழ்க்கையே பஸ் நேரத்தை ஒட்டி அமைந்துவிட்டது. வாரச் சந்தைகள், பருத்தி மண்டிகள், மில் ஷிப்டுகள், பழனி காவடிக் கூட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதை நிறுத்த முடியாது. பெட்ரோலும் கிடையாது. ஆகவே கரி.

அப்புச்சி சொன்ன அந்த மூச்சு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அடுப்பில் கரியைத் தாராளமான காற்றில் எரித்தால் அது முழுதாக எரிந்து கரியமில வாயுவாகிறது. வெப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உருளைக்குள் நடப்பது வேறு. அடியில் நுழையும் காற்று கொஞ்சம்தான். அது முதலில் சந்திக்கும் கரியை எரித்துக் கரியமில வாயுவாகிறது. அந்த இடத்தில் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். அந்த வாயு மேலே ஏறும்போது தணலாகச் சிவந்திருக்கும் மற்றக் கரிக்கட்டிகளைக் கடந்தே போக வேண்டும். அங்கே பிராணவாயு தீர்ந்துபோயிருக்கும். சிவந்த கரி, கரியமில வாயுவிலிருந்தே ஒரு பங்கு பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகின்றன. இது பாதி எரிந்த வாயு. இன்னும் எரிய வல்லது. கரியில் ஈரம் இருந்தால், அல்லது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், நீராவியும் சிவந்த கரியோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கொடுக்கும். இந்த இரண்டு வாயுக்களும்தான் இன்ஜினுக்குள் போய் வெடிக்கின்றன.

ஆனால் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது எரியாது, எரியவும் விடாது. கரி வாயுவில் பாதிக்கு மேல் இந்தச் சவலைதான். இயற்கை வாயுவில் இருக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் இதில் இருக்கும். பெட்ரோலுக்குச் செய்த இன்ஜினில் இதைச் செலுத்தினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். சமதரையில் சமாளிக்கலாம். மேட்டில் முடியாது. “எறங்கித் தள்ளுங்க சாமி” என்று கண்டக்டர் கேட்பதும், டிக்கெட் வாங்கியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுப்பதும் அந்தக் கால வழக்கம். பொள்ளாச்சி–பழனி ரோட்டிலேயே அப்படி என்றால், மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூர் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள்.

இன்ஜினுக்குப் போகும் முன் வாயுவைக் குளிர வைக்க வேண்டும், சலிக்க வேண்டும். பஸ்ஸின் கூரையிலோ பக்கவாட்டிலோ நீளமாகக் குழாயை ஓட்டினால் காற்றுப் பட்டுக் குளிரும். சலிப்பதற்குத் தேங்காய் நார், துணி. அப்படியும் நுண்ணிய சாம்பல் உள்ளே புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு நாள் இரவும் அந்த நாரை உதறிக் கழுவுவதும் அப்புச்சியின் வேலை. எண்பது வயதிலும் அவர் நகக்கண்களில் கறுப்பு இருந்ததாக எனக்கு நினைவு. அது கரியின் கறுப்பா, வயதின் கறுப்பா என்று எனக்குத் தெரியாது. அவர் கரி என்றுதான் சொன்னார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். மூடிய கொட்டகைக்குள் பஸ்ஸை நிறுத்தி ஊதுவிசிறியைச் சுற்றினால் தலை கனக்கும், கண் இருட்டும். வெளியே இழுத்துப் போட்டுக் காற்றாட விட்டால் பிழைப்பார்கள். “வெட்டவெளியில வெச்சுத்தான் பத்த வெப்போம்” என்று அப்புச்சி சொன்னபோது அதைப் பஸ்காரர்களின் வசதி என்று நினைத்தேன். உயிர்க்காப்பு என்று பின்னால்தான் புரிந்தது.

இந்த உருளையை இங்கே யார் செய்தார்கள்? மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்று ஒன்றையே வடிவமைத்துத் தயாரித்து விற்றது. தென்னாட்டு மோட்டார் தொழிலின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெற வேண்டிய கருவி அது. அதன் இரும்பு உடல் இன்று எந்த அருங்காட்சியகத்தின் வாசலிலாவது நின்றால் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டலாம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரான்சில் ழார்ஜ் இம்பேர் 1920களில் விறகிலேயே ஓடும் வாயு உருளையைச் செம்மைப்படுத்தியிருந்தார். போரின்போது ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் பிரான்சிலும் லட்சக்கணக்கான வண்டிகள் அதை முதுகில் சுமந்தன. எண்ணெய் இல்லாத நாடுகள் எல்லாம் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தன.

பஸ்ஸின் பின்னால் புகை குறைவு என்று அப்போதைய பயணிகள் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். நன்கு சலித்த கரி வாயு இன்ஜினுக்குள் சுத்தமாக எரியும். அப்படியானால் புகை எங்கே போனது?

அது காட்டில் இருந்தது.

மரத்தைக் கரியாக்குவதை நம் ஊரில் ‘மூட்டம் போடுவது’ என்பார்கள். வெட்டிய கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, மேலே இலைதழை பரப்பி, மண்ணைப் பூசி மூடி, ஒரு துவாரத்தின் வழியே தீ வைப்பார்கள். காற்று போதாமல் உள்ளே மரம் எரியாமல் வெந்துகொண்டே இருக்கும். நாள்கணக்கில் புகையும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். பிறகு மஞ்சள் புகை. அதில் தார், அமிலம், எரியக்கூடிய வாயுக்கள் எல்லாம் இருக்கும். கடைசியில் நீலம். நீலம் வந்ததும் துவாரங்களை மண்ணால் அடைத்து ஆற விடுவார்கள். ஆட்கள் இரவெல்லாம் மூட்டத்தைக் காவல் காக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பலாகும். அந்த மஞ்சள் புகைக்கு நடுவே உறங்கி எழுந்த குடும்பங்களின் நெஞ்சில் என்ன படிந்தது என்று எந்த ரேஷன் ஆவணமும் எழுதி வைக்கவில்லை.

மண்மூட்டத்தில் ஐந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். கைதேர்ந்தவர் போட்டால் சற்றுக் கூடும். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். அதாவது லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோ மரம். ஒரு பஸ் ஒரு நாளுக்கு முப்பது லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே பஸ் கரியில் ஓட நாளொன்றுக்கு இருநூறு கிலோவுக்கு மேல் மரம் வெட்ட வேண்டும். வேலமரம், ஊஞ்ச மரம், கிடைத்ததெல்லாம் போயிற்று. வாகனத்தின் பின்னால் பார்க்கையில் சுத்தமாகத் தெரிந்த ஒரு விசை, தன் அழுக்கை முப்பது மைலுக்கு அப்பால் வேறு ஆட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தது. இந்தத் தொடரில் இனி எந்த இடத்தில் ‘சுத்தமான எரிபொருள்’ என்ற சொல் வந்தாலும் இந்த மூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

போர் முடிந்து சில ஆண்டுகளில் பெட்ரோல் திரும்பி வந்தது, டீசலும் வந்தது. உருளைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு நாளும் அதை நினைத்து யாரும் ஏங்கியதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது மரக்கரி. நிலக்கரியை வாயுவாக்கும் கலை இதைவிட மூத்தது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மர்டாக் 1792இல் கார்ன்வாலில் ரெட்ருத் என்ற ஊரில் தம் வீட்டை நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். 1812இல் லண்டனில் அதற்கென்றே ஒரு கம்பெனி எழுந்தது. 1857இல் கல்கத்தாத் தெருக்களில் ஓரியண்டல் கேஸ் கம்பெனியின் விளக்குகள் எரியத் தொடங்கின. கல்கத்தாவுக்கு அருகிலேயே ராணிகஞ்ச் சுரங்கங்கள் இருந்தன. நமக்கு அருகில் என்ன இருந்தது? கொங்கு மண்ணில் இரும்புத்தாது உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு, வெள்ளைக்கல் உண்டு. நிலக்கரி ஒரு கூடைகூடக் கிடையாது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையைத் தொடங்கிய காலத்தில் நீராவிக்கு வேண்டிய கரியெல்லாம் வெகுதூரத்திலிருந்து ரயிலேறி வந்தாக வேண்டும். கரிக்கு வாடகை கொடுத்துக் கொண்டுவந்து, அதை வாயுவாக்கித் தெருவிளக்கு எரிக்க இங்கே யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. நேரே மின்சாரத்துக்குத் தாவினோம்.

தமிழ்நாட்டில் நிலக்கரி இருந்த இடம் வேறு. 1934இல் தென்னார்க்காட்டில் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார், தண்ணீரோடு சேர்ந்து பழுப்பாக ஏதோ வருவதைக் கவனித்தார். அதுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் பதிவானது. 1961இல் கரிப்படுகை வெயிலைக் கண்டது. அதற்கடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. இவை பலருக்கும் தெரிந்தவை. அதே வளாகத்தில் 1960களின் நடுவில் ஓர் உர ஆலையும் எழுந்தது. அங்கே யூரியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கித்தான் எடுத்தார்கள். இது பலருக்குத் தெரியாது.

அதற்குப் பயன்பட்டது விங்க்லர் முறை. ஃபிரிட்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியர் 1920களில் கண்டது. 1926இல் லாய்னா என்ற ஊரில் முதலில் பெரிய அளவில் ஓடியது. கரியைத் தூளாக்கி உருளைக்குள் விட்டு, அடியிலிருந்து பிராணவாயுவையும் நீராவியையும் வேகமாகச் செலுத்துவார்கள். உலையில் அரிசி கொதித்து மேலும் கீழும் புரள்வதுபோல் கரித்தூள் முழுவதும் அந்தரத்தில் புரண்டுகொண்டே வாயுவாகும். காற்றுக்குப் பதில் பிராணவாயு என்பதால் நைட்ரஜன் சவலை இல்லை. அப்புச்சியின் உருளைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அளவும் காசும் மட்டுமே வேறு. அதே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வேகவைத்து, புகையில்லாத ‘லெகோ’ கட்டிகளாக்கியும் விற்றார்கள். விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றாக அவற்றை அடுப்பில் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உர ஆலை பின்னாளில் பழுப்பு நிலக்கரியை விட்டு எரியெண்ணெய்க்கு மாறியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உர ஆலையும் லெகோ ஆலையும் மூடப்பட்டன. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். உலகம் இன்று மறுபடி கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு வித்தையை அரை நூற்றாண்டுக்கு முன்பே கையால் பழகிய தொழிலாளர்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்களுடைய அனுபவம் முறையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திருச்சியிலும் ஒன்று நடந்தது. பி.எச்.இ.எல். தன் வளாகத்தில் 6.2 மெகாவாட் அளவில் ஒரு சோதனை நிலையம் கட்டியது. நிலக்கரியை முதலில் வாயுவாக்கி, சுத்தம் செய்து, வாயு டர்பைனில் எரித்து மின்சாரம் எடுப்பது. அந்த டர்பைனிலிருந்து வெளியேறும் சூட்டில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனைச் சுற்றுவது. ஒரே கரியிலிருந்து இரண்டு அறுவடை. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல் என்பதால் வெளிநாட்டு உருளைகளை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. இந்தச் சாம்பலுக்கு ஏற்ற முறையைத் திருச்சிப் பொறியாளர்கள் தேடினார்கள். விங்க்லரின் புரளும் படுகையையே அழுத்தத்தில் இயக்கிப் பார்த்தார்கள்.

இந்தச் சாம்பல் கொங்குக்கு அந்நியமான விஷயம் அல்ல. மேட்டூரில் 1980களின் கடைசியில் 840 மெகாவாட் அனல் நிலையம் வந்தது. பிறகு 600 மெகாவாட் சேர்ந்தது. ஒடிசாக் கரி கடலிலும் ரயிலிலும் பயணம் செய்து காவிரிக் கரையில் எரிகிறது. கிலோக் கரிக்கு முந்நூற்றைம்பது, நானூறு கிராம் சாம்பல் அங்கேயே தங்குகிறது. நிலக்கரியை நேரே எரிப்பதைவிட வாயுவாக்கி எரிப்பது எந்த வகையில் சுத்தம் என்று கேட்டால் பதில் இதுதான்: கந்தகமும் தூசியும் பாதரசமும் எரிவதற்கு முன்பே, அழுத்தத்தில் அடங்கிய சிறிய கொள்ளளவு வாயுவுக்குள் இருக்கின்றன, புகைபோக்கியில் பெரும்புகையாகப் பரவிய பிறகு துரத்திப் பிடிப்பதைவிட அங்கே பிடிப்பது எளிது. கரியமில வாயுவையும் அதேபோல் தனியே பிரிக்கலாம். பிரிக்க*லாம்*. அமெரிக்காவின் வட டகோட்டாவில் 1984 முதல் ஓடும் ஓர் ஆலை பழுப்பு நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் தன் கரியமில வாயுவில் ஒரு பங்கைக் குழாய் வழியே கனடாவுக்கு அனுப்பி, வேபர்ன் எண்ணெய் வயலின் அடியில் செலுத்துகிறது. அப்படிச் செலுத்த இடமும் குழாயும் இல்லாத ஊரில், பிரித்ததைக் காற்றிலேயே விடுவார்கள். அப்போது கரியின் ஒவ்வொரு கார்பன் அணுவும் கடைசியில் வானத்துக்கே போகும். சாம்பலும் எங்கும் மறைந்துவிடாது.

ஒன்றிய அரசு 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் அதற்கென 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. யூரியா, மெத்தனால், எஃகு என்று இறக்குமதியைக் குறைக்கும் நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. 1942இல் ரங்கூன் விழுந்தபோது பொள்ளாச்சி பட்ட பாட்டை எழுதிய பிறகு, சொந்த எரிபொருளின் அருமையை நான் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திட்டங்களின் அறிக்கைகளில் டன் கணக்கு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கழிவுநீரின் கணக்கும் இருக்க வேண்டும். வாயுவைக் கழுவிய நீரில் தாரும் ஃபீனாலும் அம்மோனியாவும் கலந்திருக்கும். நொய்யல் கரையில் வாழ்பவனுக்குக் கழிவுநீர் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கொங்கு மக்கள் இந்த வித்தையை முழுதாக விட்டுவிடவும் இல்லை. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி இதில் முன்னோடி. தலைவராக இருந்த ஆர்.சண்முகம், குடிநீர் இறைக்கும் மின்கட்டணம் ஊராட்சி வருமானத்தைத் தின்பதைக் கண்டு, 2003 வாக்கில் 9 கிலோவாட் அளவில் ஒரு விறகு வாயு இயந்திரம் வைத்தார். மேட்டுப்பாளையம் மர டிப்போக்களின் ஊர். அறுவை மில்களில் கழிந்த துண்டுகளே எரிபொருள். அதில் உண்டான வாயு இன்ஜினை ஓட்ட, இன்ஜின் தண்ணீர் இறைத்தது. எண்பது வயது அப்புச்சியை அழைத்துப் போய்க் காட்டியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்து, ‘சாம்பல் கதவு எங்கீங்?’ என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

இத்தகைய இயந்திரத்துக்கு நாள்தோறும் ஆள் வேண்டும். துண்டுகளைக் காய வைக்க வேண்டும், அளவாக வெட்ட வேண்டும், தாரை வழிக்க வேண்டும். ஊராட்சி அதோடு நிற்கவில்லை. 2006இல் உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை ஒன்றரைக் கோடிக்கு மேல். 40 லட்சம் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றது. பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்குச் சாம்பல் கதவு கிடையாது.

இன்னொரு இடம் காங்கேயம். கொப்பரைக் களங்களின் ஊர். உடைத்த தேங்காயின் தொட்டி மலைமலையாகக் குவிகிறது. அதைக் குழியிலிட்டுச் சுட்டால் தொட்டிக் கரி. அந்தக் கரியை 900 டிகிரி அளவு சூட்டில் நீராவியில் வாட்டினால், நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கும். அதுதான் தண்ணீர் வடிகட்டிகளிலும் தங்கச் சுரங்கங்களிலும் பயன்படும் கிளர்வூட்டிய கரி. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்குள் இருந்ததும் தேங்காய்த் தொட்டிக் கரியே. அங்கே நடக்கும் வேதிவினை, விங்க்லரின் உருளைக்குள் நடந்தது எதுவோ அதே வினை: கரியும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆவது. நெய்வேலிக்கு வாயு வேண்டும், கரி தீர்ந்தால் சரி. காங்கேயத்துக்கு அரித்து மிஞ்சிய கரி வேண்டும், வாயு உபரி. சுல்தான்பேட்டையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முறைப்படி, தேங்காய்த் தொட்டியை வாயுவாக்கி ஒரு மெகாவாட் மின்சாரம் எடுத்த ஆலையும் இந்த மண்ணில் ஓடியிருக்கிறது.

ஆனால் பெரும்பாலான தொட்டிக் கரி இன்னும் திறந்த குழிகளில்தான் வேகிறது. நூறு கிலோ தொட்டியில் முப்பது கிலோவுக்குள்தான் கரியாகிறது; மற்றது புகை. அணைக்க ஊற்றும் தண்ணீர் கறுத்துப்போய் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கிறது என்று சுற்றுவட்டார விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். போன மாசியில் ஒரு மாலை வெள்ளகோவில் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படி ஒரு களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழியிலிருந்து புகை மஞ்சளாக எழுந்து கிழக்கே சாய்ந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் மூட்டத்தின் மேல் எழுந்த அதே மஞ்சள். தாரும் எரிவாயுவும் கலந்த அந்தப் புகையை ஒரு மூடிய உலைக்குள் பிடித்தால் அதுவே உலையைச் சூடாக்கும், மிஞ்சியதில் மின்சாரமும் எடுக்கலாம். அதற்கான உலைகள் உலகில் இருக்கின்றன, சுல்தான்பேட்டை அளவுக்குப் பக்கத்திலேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள். களத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண், சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, “காத்து திரும்புதுங்க, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க” என்றார்.

(அடுத்த இதழில்: கவலை ஏற்றத்திலிருந்து கரண்ட் மோட்டாருக்கு)